எல்லாம் காய்ந்த சரிவில் விராலியை அடையாளம் காண்பது எப்படி?

பங்குனி பிறந்துவிட்டால் சேலத்தைச் சுற்றியுள்ள கரடுகளுக்கு, அதாவது சிறு பாறைக் குன்றுகளுக்கு, நிறம் போய்விடும். கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தால் அரப்பு மரமும் வெட்பாலையும் இலை உதிர்த்துக் குச்சியும் கிளையுமாக நிற்கும். புல் கருகிக் கிடக்கும். இடையிடையே, பாறை விளிம்பிலும் மண் சரிந்த இடங்களிலும், ஆள் உயரத்துக்குச் சில புதர்கள் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையாக வெயிலில் மினுங்கும். முள் கிடையாது. ஆனாலும் வெள்ளாடு அதைத் தொடாமல் போயிருக்கும். பெரும்பாலும் அதுதான் விராலி.

பெரும்பாலும் என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. சித்திரை வெயிலிலும் பச்சை மாறாத புதர் என்றாலே அது நம் மண்ணின் செடி என்று முடிவு கட்டிவிட முடியாது. சீமைக்கருவேலமும் அந்த வெயிலில் பச்சையாகத்தான் நிற்கிறது; அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உண்ணிச்செடியும் அங்கிருந்து வந்ததுதான். அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தது, வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. மறுபக்கம், காலங்காலமாக இங்கேயே இருக்கும் வெட்பாலை கோடையில் மொட்டையாகிவிடுகிறது. ஆக, பச்சை என்பது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

விராலியிடம் ஒரு வசதி இருக்கிறது. அதன் அடையாளங்களில் பெரும்பாலானவை, அது அந்தச் சரிவில் பிழைத்துக் கிடப்பதற்கான வழிகளும்கூட. இலை ஏன் விரலில் ஒட்டுகிறது, ஏன் பளபளக்கிறது, பூவில் ஏன் இதழே இல்லை, காய்க்கு எதற்கு இறக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் செடியும் பிடிபடும், காரணமும் பிடிபடும். வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் அடுத்த மலைக்குப் போவதற்குள் மறந்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். சேலம் பாலைவனம் இல்லை. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊர். ஆனால் அந்த மழை ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்வதில்லை. தை முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதோடு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சரிவுகள் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அதன் மேல் மண் பல இடங்களில் சாண் ஆழம்கூடக் கிடையாது. பெய்கிற மழை ஓடைக்குப் போய்விடும். செடிக்கு மிஞ்சுவது பாறை இடுக்கில் தேங்கும் ஈரம் மட்டும். மழைக்கணக்கில் பாலைவனம் இல்லாவிட்டாலும், அந்தப் பாறை மேல் நிற்கும் செடி ஆண்டில் நான்கு மாதம் பாலைவன வாழ்க்கைதான் வாழ்கிறது.

சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் காடு ஆளே மாறிவிடுகிறது. கீழே முட்புதர், நடுவில் இலையுதிர் காடும் மூங்கிலும், மேலே காபித் தோட்டமும் அங்கங்கே எஞ்சிய பசுமைமாறா மரங்களும். விராலி வெயில் விரும்பி. காபிக்காகப் போட்ட சில்வர் ஓக் நிழலில் அதைத் தேடிப் பயனில்லை. கீழ்ச் சரிவுகளில், வெட்டவெளியில், சாலைக்காக மண்ணை அறுத்த கரைகளில், பழைய கல்குவாரி ஓரங்களில் தேட வேண்டும். ஜருகுமலை, கஞ்சமலைப் பக்கக் கரடுகளிலும் இதே கணக்குத்தான். வேறு செடி கால் ஊன்றத் தயங்கும் இடத்தில் முதலில் வந்து நிற்கிற சுபாவம் இதற்கு.

புதரை நெருங்கிவிட்டால் முதல் சோதனை கைக்குத்தான். கிளை நுனியிலுள்ள இளம் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்திவிட்டு விடுங்கள். விரல் பிரியும்போது லேசாகப் பிடித்து இழுக்கும்; வார்னிஷ் அடித்து இன்னும் சரியாகக் காயாத பலகையைத் தொட்டது மாதிரி இருக்கும். கசக்கினால் பால் வராது. பிசின் வாசம் வரும். அடியிலுள்ள முற்றிய இலையில் இந்த ஒட்டல் குறைந்து, பூசிக் காய்ந்த மெருகு மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் முற்றிய இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஒட்டவில்லையே’ என்று திரும்பிவிடக் கூடாது. சோதனை எப்போதும் கொழுந்தில்தான்.

அந்தப் பிசினை இலையின் மேல்தோலிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் சுரக்கின்றன. ஃபிளேவனாய்டுகளும் டெர்பீன் வகைச் சேர்மங்களும் கலந்த கலவை அது. இலையின் இருபுறமும் மெல்லிய படலமாகப் பரவி, மேல்தோல் வழியாக நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. விழும் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. தூரத்திலிருந்து புதர் மினுங்குவது இதனால்தான். மூன்றாவது வேலை ஆட்டிடம். கசப்பும் பிசுபிசுப்பும் சேர்ந்து வாயைத் திருப்பிவிடுகின்றன. அடிவாரத்தில் ஆடு ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், “அதெங்கீங்க திங்குது, மோந்து பாத்துட்டுப் போயிரும்” என்பார்கள். பக்கத்திலுள்ள செடிகளெல்லாம் வாய் எட்டும் உயரம்வரை கொறிக்கப்பட்டு, இது மட்டும் அடிவரை இலையோடு நின்றால், அதுவே பாதி அடையாளம். தாவரவியலில் இதற்கு டோடோனேயா விஸ்கோசா என்று பெயர். முன்பாதி 16ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் மருத்துவரும் தாவரவியலாளருமான ரெம்பர்ட் டோடோன்ஸ் நினைவாக வந்தது. பின்பாதி இந்தப் பிசுபிசுப்பைத்தான் சொல்கிறது.

அடுத்தது இலை. தனி இலை, கூட்டிலை அல்ல. ஒரு கணுவுக்கு ஒன்று, அடுத்த கணுவில் வேறு பக்கம் என்று மாறி மாறி வரும். இந்த ஒரு விஷயத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எதிரெதிராக இரண்டு இரண்டாக இலை நின்றால் அது விராலி இல்லை, மேலே பார்க்கவே வேண்டாம். இலை 5 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நடுவுக்குச் சற்று மேலே அகலமாகி, அடியில் மெல்லக் குறுகிக்கொண்டே போய்க் கிளையில் சேரும். காம்பு எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. விளிம்பில் பல் இருக்காது, லேசான நெளிவு இருக்கலாம். இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிறிய நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்க நெருக்கமாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, நன்றாக விரிந்த கோணத்தில் கிளம்புவது தெரியும்.

இலையின் அளவை மட்டும் நம்பக் கூடாது. ஒரே கரட்டில், பாறை மேல் நிற்கும் செடிக்கு விரல் அகலம்கூட இல்லாத சிறு இலை இருக்கும். கீழே ஓடைக்கரைச் செடிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். இரண்டும் ஒரே இனம்தான். கிளை அப்படி மாறுவதில்லை. இளங்கிளையை விரலில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இல்லாமல் விளிம்பு விளிம்பாகத் தட்டுப்படும், நிறத்தில் செம்மை ஓடும். முதிர்ந்த தண்டில் பட்டை மெல்லிய நார் நாராக உரிந்து தொங்கும்.

பூவை நம்பிச் செடி தேடுகிறவர்கள் விராலியிடம் ஏமாந்துபோவார்கள். அதற்கு இதழே கிடையாது. வெளிர்மஞ்சள் கலந்த பச்சையில், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, கிளை நுனியில் கொத்தாக இருக்கும்; பக்கத்தில் போனாலும் பூத்திருக்கிறது என்று தோன்றாது. மகரந்தத்தைக் காற்றே சுமந்து போவதால் வண்ணம் காட்டி யாரையும் அழைக்க வேண்டிய தேவை இல்லை. பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சில செடிகளில் இரண்டும் கலந்தும் வரும். ஆண் பூவில் குட்டைக் காம்பில் பருத்த மகரந்தப் பைகள் நெருக்கி நிற்கும். பெண் பூவில் நடுவிலிருந்து ஒரு சூல்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மரமற்ற, காற்று ஓயாத சரிவில் இந்த ஏற்பாடு சிக்கனமானது.

காய் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளிர் மாதங்கள் போகப்போகப் பெண் செடிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காகிதம்போல மெல்லிய இறக்கைகள், பெரும்பாலும் மூன்று. இரண்டும் நான்கும் உண்டு. ஒரு காய் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தை ஒட்டி இருக்கும். முதலில் பச்சை, பிறகு செம்மை ஏறி, கடைசியில் வெளிறிய பழுப்பு. காய்ந்த கொத்தை உலுக்கினால் சலசலக்கும். உள்ளே கறுப்பாக, தட்டையாக, சின்னஞ்சிறு விதைகள். அடிவாரக் காடுகளில் இப்படி மூன்று இறக்கைக் காயும் ஒட்டும் இலையும் சேர்ந்த முள்ளில்லாப் புதர் வேறு கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் இந்தச் செம்மையைப் பூ என்று நினைத்து, ‘சிவப்புப் பூ பூக்கும் புதர்’ என்று தேடுவதும் நடக்கிறது.

காய் இல்லாத மாதங்களில்தான் குழப்பம். அதிகம் ஏமாற்றுவது செம்புளிச்சான். அதுவும் இதே சரிவில், இதே உயரத்தில், இதேபோல் மாறி மாறி வரும் தனி இலையோடு நிற்கும். ஆனால் அதன் இலை நுனி மழுங்கி உருண்டிருக்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் விரலில் ஒட்டாது. பழம் சிறியது, சிவப்பு, சதையுள்ளது, இறக்கை கிடையாது. இந்தச் செம்புளிச்சானுக்கு ஒரு வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் செம்புளிச்சான் இலையைத் தின்று உயிர் பிடித்ததாகப் பதிவு இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் விராலியை அப்படித் தின்ன முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது ஒரு காலத்தில் பொழுதுபோக்கு இல்லை.

களாவும் கோடையில் பச்சையாக நிற்கும். இலை எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் வரும், முள் கையைப் பதம் பார்க்கும். மூன்றில் ஒன்று போதும். காட்டு எலுமிச்சையின் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் எலுமிச்சை வாசம் வீசும். உண்ணிச்செடியில் சதுரத் தண்டும் சொரசொரப்பான, பல் விளிம்புள்ள இலையும். ஊர் ஓரங்களில் தப்பி வளரும் மஞ்சள் அரளியின் ஒடுங்கிய பளபளப்பு இலையைத் தூரத்தில் பார்த்து விராலி என்று சொல்பவர்கள் உண்டு. இலையைக் கிள்ளினால் பால் வரும். அது கடும் விஷம், கையைக் கழுவிவிடுங்கள். தைலமரக் கன்று வாசத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆவாரையைக் கூட்டிலை பார்த்தே ஒதுக்கிவிடலாம்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. அவை உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் எடுக்கிற படம் வழக்கமாக என்ன? ஒற்றை இலை, மேல்பக்கம் மட்டும். விராலியில் அதுதான் அதிகம் மாறுகிற உறுப்பு. ஒட்டலையும் வாசத்தையும் கேமரா பிடிக்காது. ஆடு தொட்டதா இல்லையா என்பதும் படத்தில் வராது. படம் எடுப்பதானால் நான்கு எடுங்கள்: கணுக்கள் தெரியும்படி ஒரு கிளை, வெயிலுக்கு எதிரே பிடித்த இலை, உரியும் பட்டை, செடி நிற்கும் இடம். காய் இருந்தால் மற்றதெல்லாம் விட்டுவிட்டுக் காயையே எடுக்கலாம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அதைப் பார்க்க மலையேறுகிறவர்களில் எத்தனை பேர் வழியில் மண்கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இந்தப் புதரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

சேலத்துக் கரட்டில் நிற்கும் இந்தச் செடி உண்மையான பாலைவனங்களின் ஓரத்திலும் நிற்கிறது. அரேபியத் தீபகற்பத்து மலைகளில், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், அமெரிக்காவின் அரிசோனாவில் எல்லாம் டோடோனேயா விஸ்கோசா இயற்கையாக உண்டு. இந்தப் பேரினத்தின் ஏறக்குறைய 70 இனங்களில் மிகப் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவை விட்டு நகரவில்லை. விராலிதான் உலகின் வெப்பநாடுகளெங்கும் போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் பீர் காய்ச்சுவதற்கு, அதற்குக் கசப்பு கொடுக்கும் ஹாப் பூ கிடைக்காதபோது இந்தக் காயைப் போட்டுச் சமாளித்தார்கள்.

அரிசோனாவையும் மெக்சிகோவையும் தொட்டுக் கிடக்கும் சொனோரன் பாலைவனத்தின் பேர்பெற்ற பசுமைமாறாப் புதர் ஹொஹோபா. ஷாம்பு, முகப்பூச்சு லேபிள்களில் பார்த்திருப்பீர்கள். விராலிக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆனாலும் அதன் பூவிலும் இதழ் இல்லை, மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது, ஆண் செடி வேறு பெண் செடி வேறு. வறட்சி இருவேறு குடும்பங்களை ஒரே மாதிரிப் பழக்கியிருக்கிறது. வேறுபடுவது இலையில்தான். ஹொஹோபாவின் இலை சிறியது, தடித்தது, சாம்பல் பச்சை, எதிரெதிராக வருவது. பிசின் பூசிக்கொள்வதற்குப் பதிலாக அது இலையைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்கிறது. உச்சிவெயில் விளிம்பில் மட்டும் விழுந்து வழுக்கிப் போய்விடும். ராஜஸ்தானில் பயிராக வைத்ததைத் தவிர அது இந்தியச் செடி அல்ல. சேர்வராயன் சரிவில் ஒருவர் ஹொஹோபாவைப் பார்த்தேன் என்று சொன்னால், அவர் பார்த்தது வேறு எதையோ.

ஊர்ப்புறங்களில் விராலி இலையை வதக்கி, சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் வைத்துக் கட்டும் வழக்கம் இருக்கிறது. மேலே கட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சபோனின்கள் என்னும், வயிற்றைக் கெடுக்கக்கூடிய பொருள்கள் உள்ள செடி, உள்ளுக்குச் சாப்பிட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. கட்டை கெட்டியானது, விறகுக்கும் கருவிப்பிடிக்கும் ஆகும். வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தழைக்கும். வேலியாக வைத்தால் காவல் வேண்டாம், ஆடே காவல்.

இத்தனை இருந்தும், விராலி நிறைந்த சரிவை நாம் ‘சும்மா கிடக்கும் புதர்’ என்றுதான் பார்க்கிறோம். மரம் நடுவதற்கென்று வந்து, முதல் வேலையாக இருக்கிற புதரை இயந்திரம் விட்டு வழித்துவிட்டுக் குழி தோண்டுவதை எங்கே பார்த்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த வேர் போய், அடுத்த மழையில் மண்ணும் போய், வைத்த கன்று வெறும் பாறையில் நிற்கும். நடுகிற மரத்துக்கே விராலியின் அரைநிழல் தேவைப்படும் இடங்கள் அவை.

வளர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது, பட்டா நிலத்துச் செடியிலிருந்து, உரியவரைக் கேட்டு விதை எடுங்கள். காய் பழுப்பான பிறகு பறித்து, கையால் கசக்கி, முறத்தில் புடைத்தால் இறக்கைகள் பறந்து விதை தங்கும். அப்படியே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. விதையுறை தண்ணீரை உள்ளே விடுவதில்லை. காட்டில் அந்த உறையை வெயிலும் தீயும் விரிசல் காண வைக்கின்றன. வீட்டில், கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு அது ஆறும்வரை ஊறவிட்டால் போதும். உப்பிய விதைகளை மட்டும் மணல் கலந்த மண்ணில் போட்டு, நாற்று தலை தூக்கியதும் வெயிலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. ஒரே ஒரு கன்றை நட்டுவிட்டு மூன்று இறக்கைக் காய்க்குக் காத்திருந்தால் வராமலே போகலாம், நான்கைந்தாக நடுங்கள்.